குதிரில் உள்ளது உலையில் தெரியாது

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

எலும்பு மெலிதலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, 'இரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதை வைத்து எலும்பும் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதங்களில் ஆறுக்கு மட்டும் இந்த இதழில் இடம் இருக்கிறது. ஆறும் வெவ்வேறு கவலைகளிலிருந்து எழுந்தவை என்றாலும், எலும்புக்கும் இரத்தத்துக்கும் இடையே நடக்கும் ஒரே கொடுக்கல் வாங்கலைப் பற்றியவை.

கேள்வி: எனக்கு வயது 56. மாதவிலக்கு நின்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு அடர்த்திச் சோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8 என்று வந்திருக்கிறது. ஆனால் இரத்தத்தில் கால்சியம் 9.4 இருக்கிறது, அது இயல்பான அளவு என்று ஆய்வகத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு சோதனைகளில் எது தவறு? – வாசகி, விருத்தாசலம்.

பதில்: இரண்டும் சரியே, அம்மா. அவை இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன.

உங்கள் உடலில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஓடிக்கொண்டிருப்பது எல்லாம் சேர்த்து 300 மில்லிகிராமைத் தாண்டாது. ஒரு சிட்டிகை உப்பின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிட்டிகையை நம்பித்தான் இதயத்துடிப்பும், தசை சுருங்குவதும், நரம்பு வழியே செய்தி போவதும், காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைவதும் நடக்கின்றன. எனவே 100 மில்லிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் அதை நிறுத்தி வைப்பதை உடல் தன் முதற்கடமையாகக் கொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு நாள் முழுவதும் பட்டினி கிடந்தாலும் அந்த அளவு குறிப்பிடத்தக்க அளவில் இறங்காது. குறையும்போதெல்லாம் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்துவிடுகிறது.

அந்தக் காலத்து வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் குதிர் இருக்கும். விளைச்சல் இல்லாத ஆண்டிலும் அடுப்பில் உலை கொதிக்கும். பானையில் அரிசி விழும். பானையை மட்டும் எட்டிப் பார்க்கிறவருக்கு அந்த வீட்டில் குறை ஒன்றும் தெரியாது. குதிரின் அடியில் கையை விட்டுத் துழாவுகிறவருக்குத்தான் நிலைமை புரியும். இரத்தப் பரிசோதனை பானையைப் பார்ப்பது. அடர்த்திச் சோதனை குதிரைப் பார்ப்பது.

எடுக்கச் சொல்லும் அதிகாரி யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம், அரிசியைவிடச் சற்றுப் பெரிய நான்கு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். மனித உடலில் அவற்றை ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ராம் 1880-இல் விவரித்தார். அவற்றின் செல்களின் மேற்பரப்பில் இரத்தத்தின் கால்சிய அளவை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. அளவு சிறிதளவு இறங்கினாலும் சில நொடிகளில் பாராதைராய்டு ஹார்மோன் வெளிவருகிறது. அது சிறுநீரகத்திடம் 'கால்சியத்தைச் சிறுநீரில் விடாதே, பாஸ்பேட்டை வெளியேற்று' என்கிறது. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் சொல்லி, அதன் வழியாகக் குடல் கூடுதலாக உறிஞ்சும்படி செய்கிறது. எலும்பிடம் கையிருப்பை இறக்கச் சொல்கிறது. இவற்றில் குடல் வழி மெதுவானது. வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும், உணவில் கால்சியம் போதாதவர்களுக்கும் அது பாதி அடைபட்ட வழி. அப்போது சுமை முழுவதும் எலும்பின் மேல் விழுகிறது.

உங்களுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்களை அளவோடு வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன், மாதவிலக்கு நின்றபின் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவே எடுப்பது அதிகமாகி, திரும்ப வைப்பது பின்தங்குகிறது. டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பு அடர்த்தியை நலமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண். அது மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிதல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருப்பதால், நீங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கால்சியம் மாத்திரை மட்டும் இதற்குப் போதாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. வைட்டமின் டி அளவையும் பாராதைராய்டு ஹார்மோன் அளவையும் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

இடையில் ஒன்று. மூட்டுவலிக்கும் 'எலும்புத் தேய்மானம்' என்கிறோம், இதற்கும் அதையே சொல்கிறோம். முழங்கால் மூட்டில் தேய்வது குருத்தெலும்பு. இங்கே குறைவது எலும்பின் உள்ளிருக்கும் தாது. முன்னதில் வலி உண்டு. பின்னதில் எலும்பு முறியும் நாள்வரை பெரும்பாலும் வலியே இருக்காது என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: எலும்பு கல்லைப் போலக் கெட்டியானது. இடுகாட்டில் நூறு ஆண்டு கழித்தும் கரையாமல் கிடக்கிறது. அப்படிப்பட்டதிலிருந்து உயிருள்ள உடலில் மட்டும் தாது எப்படிக் கரைந்து வருகிறது? – பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்.

பதில்: நல்ல கேள்வி, தம்பி. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது. எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார், கொஞ்சம் நீர். தாது என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் படிகம். கட்டடத்தில் கம்பியும் சிமெண்டும் போல நாரும் படிகமும் பின்னிக்கிடக்கின்றன. அந்தப் படிகம் வெறும் நீரில் எளிதில் கரையாது, அமிலத்தில் கரையும். கோழி எலும்பு ஒன்றைச் சில நாள் வினிகரில் ஊறவைத்துப் பார். தாது கரைந்து போய், ரப்பரைப் போல வளையும் நார் மட்டும் கையில் மிஞ்சும்.

உடலில் அதைச் செய்வது ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல். வெள்ளணுக் குடும்பத்தைச் சேர்ந்த செல்கள் பல ஒன்றாகக் கூடி உருவாவதால் அதற்குள் பல உட்கருக்கள் இருக்கும். அது எலும்பின் மேற்பரப்பில் அமர்ந்து, தன் விளிம்பைச் சுற்றிலும் இறுக ஒட்டிக்கொண்டு, கவிழ்த்த கிண்ணத்தைப் போல ஒரு சிறு அறையை அமைக்கிறது. அந்த அறைக்குள் அமிலத்தை இறைக்கிறது, அமிலத்தன்மை பி.ஹெச். 4.5 வரை போகும். படிகம் கரைந்ததும், கதெப்சின் கே என்னும் நொதி மிஞ்சிய நாரை வெட்டுகிறது. விடுபட்ட கால்சியமும் பாஸ்பேட்டும் அருகிலுள்ள நுண்குழாய்களின் இரத்தத்தில் சேர்கின்றன. இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது.

பிறகு ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் கட்டும் செல்கள் வந்து பள்ளத்தை நிரப்புகின்றன. முதலில் நார் மட்டும் படுக்கிறது. பத்து நாள் அளவில் அது பக்குவப்பட்டபின் தாது ஏறத் தொடங்கி, பெரும்பகுதி சில நாள்களிலேயே ஏறிவிடுகிறது. மீதி ஏற மாதக்கணக்கில் ஆகும். நம் இரத்தத்திலும் திசுநீரிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதும் படிகமாக இறங்கிவிடக்கூடிய செறிவிலேயே இருக்கின்றன. அப்படி இருந்தும் உடல் முழுவதும் சுண்ணாம்பு பூத்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், பைரோபாஸ்பேட் போன்ற தடுப்புப் பொருள்கள். தாது ஏற வேண்டிய இடத்தில் மட்டும் கட்டும் செல்கள் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதியால் அந்தத் தடையை உடைக்கின்றன. இரத்தப் பரிசோதனைத் தாளில் அந்தப் பெயரை நீயே பார்த்திருக்கலாம். கல்லீரலில் மட்டுமன்றி எலும்பிலும் அது உண்டாகிறது, வளரும் பிள்ளைகளுக்கு அது கூடுதலாக இருப்பதும் அதனால்தான்.

பள்ளம் தோண்டுவது இரண்டு மூன்று வாரம், நிரப்புவது மூன்று நான்கு மாதத்துக்குக் குறையாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள். எடுப்பது விரைவு, வைப்பது தாமதம் என்பதால், ஒரே நேரத்தில் அதிகப் பள்ளங்கள் விழுந்தால் எலும்பு மெலிந்துதான் தீரும்.

எலும்பு இப்படி ஓயாமல் மாறுகிறது என்பதை ஒரு காலத்தில் யாரும் நம்பவில்லை. கோபன்ஹேகனில் பணியாற்றிய ஜார்ஜ் டி ஹெவெசி என்னும் வேதியியலாளர், கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளின் உணவில் கலந்து கொடுத்து, அந்த அணுக்கள் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார். வளர்ந்துவிட்ட எலியின் எலும்பிலும் அவை போய்ச் சேர்ந்தன; சேர்ந்தவை பின்னர் வெளியேறவும் செய்தன. 1935-இல் அதை வெளியிட்டார். வயதுவந்த மனிதருக்கு ஆண்டுதோறும் எலும்புக்கூட்டின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது என்பது இன்று பாடநூல் செய்தி.

கேள்வி: என் அக்காவுக்கு மூன்று முறை சிறுநீரகக் கல் வந்துவிட்டது. இப்போது இரத்தத்தில் கால்சியம் 11.8 என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் பாலையும் தயிரையும் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? – வாசகர், திருச்சிராப்பள்ளி.

பதில்: நிறுத்த வேண்டாம். அந்தக் கூடுதல் கால்சியம் பாலிலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு; அவர் எலும்பிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பாராதைராய்டு ஹார்மோனையும் உடனே அளந்து பாருங்கள். இரத்தத்தில் கால்சியம் கூடினால் அந்தச் சுரப்பி அடங்கிவிட வேண்டும். கூடியிருக்கும்போதும் அது சுரந்துகொண்டே இருந்தால், நான்கில் ஒன்றில் கட்டி இருக்கக்கூடும். பெரும்பாலும் அது புற்றுநோய்க் கட்டி அன்று; அறுவை செய்து எடுத்தால் குணமாகும். பாலை நிறுத்தினால் அந்தச் சுரப்பிக்கு எலும்பைக் கரைக்க இன்னொரு காரணத்தைக் கொடுத்தவர்களாவோம். கால்சியம் கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அந்த ஹார்மோன் குறைந்திருந்தால் அவற்றைத் தேட வேண்டும்.

இந்த நோய் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒருவரைச் சொல்வார்கள். சார்லஸ் மார்ட்டெல் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர். ஆறடிக்கு மேல் உயரமானவர். எலும்பிலிருந்த தாது இரத்தத்துக்குப் போய்ப் போய், முதுகெலும்புகள் அமிழ்ந்து, ஏழு அங்குலம் குள்ளமானார். எலும்புகள் அடுத்தடுத்து முறிந்தன; சிறுநீரகத்தில் கற்கள் சேர்ந்தன. 1926-இல் பாஸ்டன் நகரில் முதன்முதலாகக் கழுத்தைத் திறந்து கட்டியைத் தேடினார்கள்; கிடைக்கவில்லை. 1932-இல் ஏழாவது அறுவையில்தான், மார்புக்கூட்டுக்குள் ஒளிந்திருந்த கட்டி அகப்பட்டது. அதற்குள் சிறுநீரகம் கெட்டுவிட்டிருந்ததால் சில வாரங்களில் அவர் இறந்துபோனார். இன்று அவ்வளவு தூரம் யாரும் போக வேண்டியதில்லை. ஆனால் கல்லை மட்டும் எடுத்துவிட்டு, அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்காமல் அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது எனக்கு உண்மையான வருத்தம்.

கட்டியை எடுத்த மறுநாள் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பறிப்பது நின்றுவிட்ட எலும்பு, இழந்ததை மீட்க இரத்தத்திலிருந்து கால்சியத்தை வேகமாக இழுக்கும். இதற்கு மருத்துவ நூல்கள் வைத்திருக்கும் பெயரே 'பசித்த எலும்பு' என்பதுதான். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போலிருக்கும். அத்தகைய ஒருவருக்கு நான் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை இறுகி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மணிக்கட்டு தானாக மடிந்தது, விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டின, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கியது. அவர் தன் கையை யாருடைய கையோ போலப் பார்த்தார். பட்டையைத் தளர்த்திச் சிரை வழியே கால்சியம் ஏற்றியபின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உங்கள் அக்காவுக்கு அறுவை நடந்தால், அறிகுறி தோன்றியவுடன் செவிலியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சி பசுவுக்குச் சினைக் காலம் முழுவதும் தாது உப்புக் கலவையும் சுண்ணாம்புத் தெளிநீரும் குறைவில்லாமல் கொடுத்தேன். இருந்தும் நான்காவது கன்றை ஈன்ற மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டது. பால் காய்ச்சல் என்று கால்நடை மருத்துவர் ஊசி போட்டுக் காப்பாற்றினார். அவ்வளவு கொடுத்தும் குறைந்தது எப்படி? – வாசகர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: நான் மனிதருக்கான மருத்துவர் என்றாலும், எலும்பும் இரத்தமும் மாட்டுக்கும் அப்படியே என்பதால் எழுதுகிறேன். சிகிச்சைக்கு உங்கள் கால்நடை மருத்துவரின் சொல்லே இறுதி.

ஒரு லிட்டர் சீம்பாலில் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பத்து லிட்டர் கறந்தால் இருபது கிராமுக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தில் பசுவின் இரத்தத்தில் ஓடுவது மொத்தம் மூன்று கிராம் அளவுதான். எலும்பில் கிலோக்கணக்கில் இருக்கிறது. ஆனால் இறக்குவதற்கு ஆள் வேண்டுமல்லவா? எலும்பு கரைக்கும் செல்கள் பெருகிச் செயல்படச் சில நாள் ஆகும். சினையின் கடைசி வாரங்களில் தீவனத்திலேயே கால்சியம் நிறையக் கிடைத்ததால், பாராதைராய்டு அந்த வேலையைத் தொடங்கவே இல்லை. கன்று விழுந்த அன்று திடீரென்று தேவை எழுந்தபோது, குதிர் நிறைந்திருந்தும் கதவைத் திறக்க ஆள் இல்லை. வயது ஏற ஏற அந்தச் செல்கள் குறைவதால், மூன்றாம் ஈற்றுக்குப் பின்பே இது அதிகம் வருகிறது. ஜெர்சி இனத்துக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகவே வருகிறது.

பெயர் காய்ச்சல் என்றாலும் உடல் சுடாது. காது சில்லிட்டு, மூக்குத்தண்டு உலர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கும். மருத்துவர் கால்சியம் போரோகுளுக்கோனேட்டைச் சிரையில் மெதுவாக ஏற்றும்போது, உடல் நடுங்கி, ஏப்பம் விட்டு, சாணம் போட்டு, எழுந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மெதுவாக ஏற்றுவது முக்கியம். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆகையால் மருந்தை வாங்கி நீங்களாகவே ஏற்ற முயலாதீர்கள்.

அடுத்த ஈற்றுக்கு முந்தைய மூன்று வாரங்களில் சுண்ணாம்பு நீரை நிறுத்துங்கள். கால்சியம் மிகுந்த கலவையையும் பயறுவகைப் பசுந்தீவனத்தையும் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பொட்டாசியம் மிகுந்த பசும்புல் இரத்தத்தைக் காரத்தன்மை ஆக்கி, பாராதைராய்டு ஹார்மோனின் கட்டளை எலும்பில் சரியாக ஏறாமல் செய்துவிடும். அதை ஈடுகட்டும் உப்புகளும் இப்போது கிடைக்கின்றன. கன்று ஈன்றபின் தாது உப்புக் கலவையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: குழந்தைக்குப் பால் கொடுத்தால் எலும்பு போய்விடும் என்று என் நாத்தனார் பயமுறுத்துகிறார். எனக்கு ஐந்து மாதக் குழந்தை. – வாசகி, மதுரை.

பதில்: பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பு அடர்த்தி சில சதவீதம் குறைவது உண்மை. நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் கால்சியம் பாலில் போகிறது. அதற்காக மார்பகமே ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பிடம் கேட்டு வாங்குகிறது. ஆனால் பால் மறக்கடித்தபின் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பெரும்பாலான தாய்மாருக்கு அது திரும்ப வந்து சேர்ந்துவிடுகிறது. தயங்காமல் கொடுங்கள். கேழ்வரகு, பால், தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். என் மகனின் பல்லில் பழுப்புக் கறை விழுந்துவிட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறேன். அது எலும்புக்கும் போகுமா? – வாசகி, தருமபுரி மாவட்டம்.

பதில்: போகும், அம்மா. கொதிக்க வைப்பதை இதற்காகச் செய்யாதீர்கள். நீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் செறிவாகும்.

எலும்புப் படிகத்தில் ஹைட்ராக்ஸில் இருக்கும் இடத்தில் ஃபுளோரைடு அப்படியே பொருந்தி உட்கார்ந்துவிடுகிறது. உடலில் சேரும் ஃபுளோரைடில் வயதுவந்தவருக்கு ஏறத்தாழ பாதியும், வளரும் பிள்ளைக்கு அதற்கு மேலும் எலும்பில் தங்குகிறது. அப்படி உண்டாகும் படிகம் முன்னதைவிடக் கரைவதற்குக் கடினமானது. எலும்பு பார்வைக்கு அடர்த்தியாக இருந்தாலும் நொறுங்கும் தன்மை கூடும். பல ஆண்டுகள் அந்நீரையே குடித்தவர்களுக்கு முதுகெலும்பை ஒட்டிய தசைநார்களிலும் சுண்ணாம்பு ஏறி, குனியவும் திரும்பவும் முடியாமல் போகும். இந்தியாவில் இந்நோய் 1937-இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில்தான் முதலில் விவரிக்கப்பட்டது.

பல் ஒருமுறை உருவானபின் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை என்பதால் கறை தானாக மறையாது. எலும்பு புதுப்பித்துக்கொள்ளும், நீரை மாற்றினால், பழைய எலும்பு கரைந்து புதியது கட்டப்படும் ஒவ்வொரு சுற்றிலும் ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அதற்கு ஆண்டுகள் ஆகும் என்றாலும், உங்கள் மகனின் வயதில் அந்தச் சுற்று விரைவாகவே நடக்கிறது. எனவே இன்றே மாற்றுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். வராத ஊரானால் மழைநீரைச் சேமிக்கலாம், ஆர்.ஓ. கருவியும் ஃபுளோரைடை நீக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை. உங்கள் கிணற்று நீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பையனுக்குப் பாலும் கேழ்வரகும் குறையாமல் கொடுங்கள். குடலில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு அதனோடு சேர்ந்து, உடலில் ஏறாமல் கொஞ்சம் மலத்தோடு போய்விடும்.